வைகையின் முதல் தண்ணீர் ஏன் கறுப்பாக வருகிறது? மதுரையின் சுத்திகரிப்பு நிலையங்கள் நமக்கு என்ன செய்கின்றன?

பெரிய கண்மாய்க் கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ராமநாதபுரம் பெரிய கண்மாய்ப் பாசனத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம். பள்ளத்தில் நெல், மேட்டில் முண்டு மிளகாய். வைகை அணையில் நம் பங்கைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால், அது பார்த்திபனூர் மதகணையைத் தாண்டி எங்களிடம் வந்து சேரும் நாளுக்காக ஊரே காத்திருக்கும். சிறுவயதில் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்த முதல் தண்ணீரைப் பார்க்கப் போவார். செம்மண் கரைந்து, சருகையும் சுள்ளியையும் உருட்டிக்கொண்டு வரும். அந்த வாசனை இன்னும் நினைவிருக்கிறது.

போன ஐப்பசியில் என் மகளை அதேபோல் கூட்டிப்போனேன். வந்தது கறுப்புத் தண்ணீர். ஓரமெல்லாம் நுரை. "அப்பா, இது சாக்கடையா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அன்று சாயங்காலம் வரத்துக்கால் முகப்பில் கெளுத்தியும் கெண்டையும் வாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டித் தவித்தன. விடிந்தபோது மிதந்தன. மூன்று நாளில் தண்ணீர் தெளிந்துவிட்டது, எல்லோரும் மறந்துவிட்டார்கள். என்னால் மறக்க முடியவில்லை.

மதுரையில் அவனியாபுரம் வெள்ளக்கல்லிலும் சக்கிமங்கலத்திலும் பெரிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அவை இருந்தும் ஏன் இப்படி? அந்த நிலையங்கள் ஆற்றுக்கு உண்மையில் என்னதான் செய்கின்றன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உச்சிப்புளி எழுதியது:

என் அனுபவத்தில் சொல்கிறேன், நிலையம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் கடைமடைக்காரனுக்கு ஒன்றுதான். திறப்பு விழாவில் தெளிந்த நீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துக் காட்டுவார்கள். ஆற்றில் வருவது வேறு. நாற்பது ஆண்டுகளாகப் பார்க்கிறேன். இதில் கோபப்பட்டுக்கூட எனக்கு அலுத்துவிட்டது.

தங்கச்சிமடத்துக்காரர் எழுதியது:

தம்பி, உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி. நான் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு பெருநகரக் கழிவுநீர் நிலையத்தில் ஷிப்டு பார்த்தவன். இப்போது ஓய்வுபெற்று ஊரில் இருக்கிறேன். உச்சிப்புளி அண்ணன் சொல்வதில் உள்ள வலி எனக்குப் புரிகிறது. ஆனால் "ஒன்றுதான்" என்பதை ஏற்க முடியாது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீன் ஏன் வாயை நீட்டியது? விஷம் கலந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது மூச்சு முட்டித்தான் சாகிறது. நம் ஊர் வெயிலுக்கு, நல்ல ஆற்று நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். மீனுக்கு நான்கைந்து மில்லிகிராமாவது வேண்டும். சாக்கடையில் உள்ள மலம், சோறு, எண்ணெய் எல்லாவற்றையும் பாக்டீரியாக்கள் தின்னும். தின்பதற்கு அவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும். வீட்டுக் கழிவுநீர் லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் கேட்கும். இதைத்தான் பி.ஓ.டி. என்கிறோம். 250 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடம் சாக்கடை முப்பது குடம் நல்ல தண்ணீரின் ஆக்சிஜனை மிச்சமில்லாமல் உறிஞ்சிவிடும். முப்பது குடத்துக்கு வைகையில் எங்கே போவது?

ஆற்றில் நடக்கவிருந்த அந்தத் தீனியை ஒரு தொட்டிக்குள்ளேயே முடித்துவிட்டு மிச்சத்தை அனுப்புவதுதான் நிலையத்தின் வேலை. முதலில் கம்பிச் சல்லடை. துணி, பிளாஸ்டிக் பை, ஷாம்பு உறை, நாப்கின் எல்லாம் அங்கே சிக்கும். அடுத்து மணல் படியும் தொட்டி, பிறகு கசடு படியும் பெரிய வட்டத் தொட்டி. இவை எல்லாம் முன்வேலை. உயிர் இருப்பது அடுத்த தொட்டியில், காற்றேற்றும் தொட்டியில். அடியிலிருந்து காற்றை ஊதிக்கொண்டே இருப்போம். பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் பெருகி, சில மணி நேரத்திற்குள் அழுக்கைத் தின்று தீர்க்கும். அங்கே ஆக்சிஜனை 2 மில்லிகிராம் அளவிலாவது வைத்திருக்க வேண்டும். நிலையத்தின் மின்கட்டணத்தில் பாதிக்கு மேல் இந்தக் காற்றுக்கே போய்விடும்.

தொட்டி நலமாக இருக்கிறதா என்று அறிய எங்களுக்கு மூக்கும் கண்ணும் போதும். நல்ல தொட்டி பழுப்பு நிறத்தில், மழை பெய்த மண்ணைப் போல மணக்கும். கெட்டுப்போனால் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வரும். ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு லிட்டர் கண்ணாடிக் குழாயில் அந்த நீரைப் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வைப்போம். கசடு பஞ்சுபோலத் திரண்டு அடியில் இறங்கி மேலே தெளிந்தால் நிம்மதி. இறங்காமல் நின்றால் அன்று தூக்கம் கிடையாது. ஒருமுறை இரவில் மின்சாரம் போய், ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. அந்த நான்கு மணி நேரமும் தொட்டிக் கரையில் நின்றுகொண்டிருந்தோம். உள்ளே மூச்சுத் திணறிச் சாவது எங்கள் வளர்ப்பு உயிர்கள் என்றுதான் அப்போது தோன்றியது. அந்தத் தொட்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இரண்டு வாரம் ஆயிற்று.

கடைசித் தொட்டியில் பாக்டீரியாக்கள் படியும். ஒரு பகுதியைத் திரும்பக் காற்றுத் தொட்டிக்கே அனுப்புவோம், உறைமோர் வைப்பதைப் போல. மேலே தெளிந்த நீரில் குளோரின் கலந்து, கிருமி சாகும்வரை அரை மணி நேரம் வைத்து வெளியே விடுவோம். அதன் பி.ஓ.டி. 250இலிருந்து 10க்கோ 20க்கோ இறங்கியிருக்கும்.

உச்சிப்புளி எழுதியது:

ஐயா, விளக்கத்துக்கு நன்றி. இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. அப்படியானால் கறுப்புத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

தங்கச்சிமடத்துக்காரர் எழுதியது:

நிலையத்துக்கே போய்ச் சேராத கழிவிலிருந்துதான் பெரும்பகுதி வந்திருக்கும். அவனியாபுரத்தின் கொள்ளளவு நாளைக்கு 12.5 கோடி லிட்டர், சக்கிமங்கலத்துடையது 4.57 கோடி லிட்டர். காகிதத்தில் நல்ல அளவு. ஆனால் ஒரு வீட்டின் கழிவுக்குழாய் பாதாளச் சாக்கடையோடு சேராமல் மழைநீர்க் கால்வாயில் விழுந்தால், அது நிலையத்தின் வாசலைக்கூடப் பார்க்காமல் நேரே ஆற்றுக்குப் போய்விடும். வடகரையில் பந்தல்குடிக் கால்வாய் வைகையில் கலக்கும் இடத்தைப் பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒருகாலத்தில் கண்மாய்க்கும் வயலுக்கும் நீர் கொண்டுபோன வாய்க்கால் அது.

இரண்டாவது காரணம் நம் வைகைக்கே உரியது. ஆண்டில் பல மாதம் மணலாகக் கிடக்கிறது. அந்த மாதங்களில் விழும் சாக்கடை ஓடாமல், குழிகளிலும் சீமைக்கருவேல வேர்களிலும் தேங்கி, கறுப்புச் சேறாகப் படிகிறது. அணையைத் திறந்ததும் வரும் முதல் வெள்ளம் அவ்வளவையும் ஒரே நாளில் கிளறி வாரிக்கொண்டு உங்களிடம் வருகிறது. அந்தச் சேறு காற்றில்லாமல் அழுகிக் கிடந்தது. தண்ணீரில் கலந்ததும் ஆக்சிஜனை வெறிகொண்டு உறிஞ்சும். நுரை, சோப்புத்தூள் மிச்சம். மூன்று நாளில் தெளிந்தது என்றீர்களே, சேறு முழுவதும் அதற்குள் உங்கள் கண்மாய்க்குள் இறங்கியிருக்கும்.

பரமக்குடி டீச்சர் எழுதியது:

வேதியியல் கற்பிக்கிறேன். ஐயா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். எனக்கு இதுதான் இந்த விவாதத்திலேயே முக்கியமானதாகப் படுகிறது.

வெளியே விடும் நீரின் பி.ஓ.டி. 20, மிதக்கும் கசடு 30 என்று ஒரு அளவு உலகமெங்கும் பரவியது. அது எங்கே பிறந்தது தெரியுமா? 1912இல் பிரிட்டனின் கழிவுநீர் ஆணையம் தந்த எட்டாம் அறிக்கையில். ஆனால் அந்த அளவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. விடப்படும் ஒரு பங்குக்கு ஆற்றில் குறைந்தது எட்டுப் பங்கு நல்ல தண்ணீர் ஓட வேண்டும். ஆண்டெல்லாம் மழை பெய்து ஆறு நிறைந்து ஓடும் நாட்டுக்காரர்கள் வகுத்த கணக்கு அது. எண் மட்டும் நம்மிடம் வந்தது, எட்டுப் பங்கு தண்ணீர் வரவில்லை.

சித்திரையில் மதுரைக்குக் கீழே வைகையில் ஈரம் தெரிந்தால் அது என்ன நீர்? சுத்திகரித்ததும் சுத்திகரிக்காததுமாக மனிதர்கள் பயன்படுத்திவிட்ட நீர்தான். கலந்துகொள்ள வேறு தண்ணீரே இல்லை. நிலையத்திலிருந்து வெளிவருவதே ஆறு. அப்படியிருக்கும்போது இங்கிலாந்துக்கு 20 போதுமென்றால், நமக்கு அதைவிடக் கடுமையான அளவு வேண்டும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017இல் பெருநகரங்களுக்கு 20, மற்ற ஊர்களுக்கு 30 என்று வைத்தது. 2019இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதை 10 ஆக இறுக்கியது. ஆற்றில் இறங்கிக் குளிக்கத் தகுந்த நீருக்கு நம் நாட்டில் வைத்திருக்கும் அளவு 3. அந்தப் பத்துக்கும் மூன்றுக்கும் இடையிலுள்ளதைக் கரைக்கத்தான் ஆற்றில் ஓடும் நீர் வேண்டும். வைகையில் அது இல்லை.

இன்னொன்று. ஐயா சொன்ன காற்றுத் தொட்டி முறையை 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் உலகுக்குச் சொன்னார்கள். அதற்கு முன் லண்டன் என்ன செய்தது என்பதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் நினைவுதான் வந்தது. 1858 கோடையில் தேம்ஸ் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றமே திணறியது. பாசல்ஜெட் என்ற பொறியாளர் பெரிய நிலத்தடிக் கால்வாய்கள் கட்டிக் கழிவை நகரத்துக்குக் கிழக்கே கொண்டுபோய், சுத்திகரிக்காமல் அப்படியே ஆற்றில் விட்டார். லண்டனின் நாற்றம் போனது. 1878இல் அந்த இடத்துக்கு அருகே ஒரு பயணிகள் கப்பல் மூழ்கி 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் விழுந்தது அப்போதுதான் திறந்துவிடப்பட்ட சாக்கடைக்குள். கழிவைக் கீழே தள்ளிவிடுவதும் சுத்திகரிப்பதும் வேறு வேறு என்பது அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. அப்படியும் 1957இல் தேம்ஸின் கீழ்ப்பகுதி உயிரற்றது என்று அறிவிக்கும் நிலை வந்தது. நிலையங்களை விரிவாக்கி, காற்றேற்றத்தைச் சரிசெய்த பிறகே மீன் திரும்பியது. ஆகவே உச்சிப்புளி அண்ணா, செத்த ஆறு பிழைத்திருக்கிறது. உங்கள் அலுப்பைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள்.

கீழக்கரை வாசி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கச்சிமடத்துக் காக்கா (அண்ணன்), டீச்சர், இருவருக்கும் நன்றி. எங்கள் ஊர் நிலையையும் சொல்ல அனுமதியுங்கள். வைகையின் மிச்சம் ஆற்றங்கரைப் பக்கம் பாக் நீரிணையில் சேர்கிறது. எங்கள் கீழக்கரை மன்னார் வளைகுடாப் பக்கம். இங்கே கடலில் கலக்கும் சாக்கடைக்கு மதுரையைக் குறைசொல்ல வழியில்லை. அது எங்கள் தெருவிலிருந்து போகிறது. எங்கள் ஊரில் பெரும்பாலும் செப்டிக் டேங்க்தான். டேங்க் நிரம்பினால் லாரி வருகிறது. அந்த லாரி எங்கே போய்க் கொட்டுகிறது என்று எத்தனை வீட்டில் கேட்கிறோம்? நான் இரண்டு முறை கேட்டேன். ஒரே பதில்தான் கிடைத்தது: "ஊருக்கு வெளியே." ஊருக்கு வெளியே இருப்பது கடலும் ஊருணியும்தானே.

சாயல்குடி வெயில் எழுதியது:

எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மதுரையின் தெற்கே ஓடும் கிருதுமால் நதி குண்டாற்றில் சேர்கிறது, குண்டாறு எங்கள் பக்கம் கடலுக்கு வருகிறது. கிருதுமால் ஒரு நதி என்பதே மதுரையில் பலருக்கு மறந்துவிட்டது.

தங்கச்சிமடத்துக்காரர் எழுதியது:

கீழக்கரைத் தம்பிக்கு: செப்டிக் டேங்கின் கசடு சாதாரணச் சாக்கடையைவிடப் பல மடங்கு கெட்டியானது. ஒரு லாரிக் கசடு வாய்க்காலில் விழுந்தால், ஒரு தெருவின் ஒரு நாள் சாக்கடை விழுந்ததைவிட மோசம். அதை நிலையத்திற்குக் கொண்டுவந்தாலும் கண்டபடி ஊற்ற முடியாது. சிறிது சிறிதாகக் கலந்துவிட வேண்டும், இல்லையென்றால் பாக்டீரியாவுக்கு அஜீரணம் வந்துவிடும். லாரிக்காரரிடம் ரசீது கேளுங்கள். எந்த நிலையத்தில் இறக்கினார் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். இன்னொன்று, யார் வீட்டு டேங்காக இருந்தாலும் மனிதர் உள்ளே இறங்கக் கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு இல்லாமல் இறக்குவதைத் தடைசெய்கிறது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதல் மூச்சில் மூக்கின் உணர்ச்சியைக் கொல்லும், அடுத்த மூச்சில் ஆளையே கொல்லும். நான் இரண்டு நண்பர்களை அப்படி இழந்தவன். அதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை.

மண்டபம் பாசி எழுதியது:

நான் முப்பது வருடமாகக் கடலில் இறங்கிப் பாசி எடுக்கிறேன். மரிக்கொழுந்துப் பாசி, கட்டைக்கோரை. என் மகன் தட்டச்சு செய்கிறான், நான் சொல்கிறேன். ஆறு, பாக்டீரியா எல்லாம் எனக்குப் புதிது. ஆனால் தங்கச்சிமடத்துக்காரர் சொன்ன ஆக்சிஜன் இல்லாத தண்ணீர் எப்படி இருக்கும் என்பதை நான் உடம்பால் அறிவேன். 2019 செப்டம்பரில் பூங்கோரை வந்தபோது கடல் பச்சைக் கூழாக இருந்தது. முகத்தில் பட்டால் வழவழவென்று ஒட்டும், நாற்றம் குடலைப் புரட்டும். பாறையில் ஒளிந்து வாழும் மீன்களெல்லாம் செத்து ஒதுங்கின. தீவுப் பக்கம் பவளம் வெளுத்துச் செத்ததையும் பார்த்தோம். அது ஊர்ச் சாக்கடையால் வந்ததா?

பரமக்குடி டீச்சர் எழுதியது:

அக்கா, உங்கள் கேள்விக்கு அவசரப்பட்டு "ஆமாம்" என்று சொல்லிவிடக் கூடாது. நீங்கள் பார்த்தது நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகியது. அது பெருகக் காற்றின் திசை, கடலின் வெப்பம், அடியிலிருந்து மேலே வரும் சத்து எனப் பல காரணங்கள் உண்டு. சாக்கடை ஒன்றை மட்டும் குற்றவாளியாக்க முடியாது. ஆனால் நீங்கள் பார்த்த சாவு, கண்மாயில் அந்த மீன்கள் செத்த சாவுதான். பெருகியது மடிந்து அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது.

சாக்கடையின் பங்கு எங்கே வருகிறது என்றால் நைட்ரஜனிலும் பாஸ்பரஸிலும். இதை இதுவரை யாரும் இங்கே எழுதவில்லை. பி.ஓ.டி. குறைந்து நீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் இந்த இரண்டும் உள்ளே இருக்கலாம். இவை உரம். கண்மாயில் விழுந்தால் ஆகாயத்தாமரைக்கு உரம். கடலில் விழுந்தால் நுண்பாசிக்கு உரம். நுண்பாசி கடல் தாழையின் (கடல்புல்) இலைமேல் படர்ந்து வெயிலை மறைத்துவிடும். தாழை போனால் ஆவுளியாவுக்கு (கடல்பசு) மேய்ச்சல் இல்லை, இறால் குஞ்சுக்கு ஒளிய இடமில்லை. சுத்திகரிப்பில் நைட்ரஜனைக் குறைக்கத் தனி ஏற்பாடு வேண்டும். அம்மோனியாவாக உள்ள ஒரு கிராம் நைட்ரஜனை மாற்றவே நாலரை கிராம் ஆக்சிஜன் செலவாகும். பிறகு காற்றில்லாத இன்னொரு தொட்டியில் விட்டால் வேறுவகைப் பாக்டீரியாக்கள் அதைக் காற்றில் கலக்கும் நைட்ரஜனாக மாற்றிவிடும். எந்த ஊரில் நிலையம் கட்டுவதாகச் சொன்னாலும் "நைட்ரஜனுக்கு என்ன செய்கிறீர்கள்?" என்று முதலில் கேளுங்கள்.

உச்சிப்புளி எழுதியது:

டீச்சர், மன்னிக்க வேண்டும், விடமாட்டேன். இவ்வளவு செலவு செய்து சுத்திகரித்த நீரை ஏன் ஆற்றில் விட வேண்டும்? வறண்ட மாவட்டம் நாம். வயலுக்கே கொடுத்துவிடலாமே.

தங்கச்சிமடத்துக்காரர் எழுதியது:

நல்ல கேள்வி அண்ணே. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் சுத்திகரித்த நீரை எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) வரை கொண்டுபோய், நாளைக்குத் தலா 4.5 கோடி லிட்டர் வீதம் தொழிற்சாலைகளுக்கு விற்கிறார்கள். 2019 முதல் நடக்கிறது. அந்த அளவு நல்ல தண்ணீர் மக்களுக்கு மிச்சம். வயலுக்கும் விடலாம், வெள்ளக்கல்லில் ஆங்கிலேயர் காலத்திலேயே கழிவுநீர்ப் பண்ணை இருந்தது. ஆனால் கிருமி முழுதாகச் சாகாத நீரைக் கீரைக்கும் வெங்காயத்துக்கும் விடக் கூடாது. சாயப்பட்டறைக் கழிவு கலந்திருந்தால் எதற்குமே விடக் கூடாது, அதிலுள்ள உப்பு நம் நிலத்தை மலடாக்கிவிடும். ஏற்கெனவே நம் மண்ணில் உப்பு போதும்.

ஆனால் ஒரு சொட்டுக்கூட ஆற்றுக்கு விடாமல் எல்லாவற்றையும் மதுரைக்கு அருகிலேயே பயன்படுத்திவிட்டால் கடைமடைக்கு என்ன வரும்? அதையும் யோசிக்க வேண்டும். நல்ல சுத்திகரிப்பு நீர் வருமானால் நான் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

ராமேஸ்வரம் மேலத்தெரு எழுதியது:

தீர்த்தமாடும் கடலில் சாக்கடை கலக்கும் ஊரில் இருந்துகொண்டு மதுரையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. காசியிலிருந்து வந்து முழுக்குப் போடும் முதியவர்களைப் பார்க்கும்போது உடல் கூசுகிறது. இந்த விவாதத்தை எங்கள் தெருவில் அச்செடுத்துக் கொடுக்கப்போகிறேன்.

பெரிய கண்மாய்க் கரை எழுதியது:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நான் எண்ணவில்லை. மகளுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். "அந்த பாக்டீரியாவுக்குப் பேர் இருக்கிறதா?" என்று கேட்கிறாள். இந்த ஆண்டு முதல் தண்ணீர் வரும்போது சும்மா பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறோம். கறுப்பாக வந்தது என்று வாயால் சொன்னால் யாரும் கேட்பதில்லை. அளந்து எழுதிவைக்க வேண்டும். எங்களைப் போன்றவர்களால் அது முடியுமா டீச்சர்?

பரமக்குடி டீச்சர் எழுதியது:

முடியும். 1888இல் விங்க்ளர் சொன்ன முறை, நான் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்தே ஆற்றில் செய்திருக்கிறேன். 300 மில்லி கண்ணாடிப் புட்டியைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பி மூட வேண்டும். குமிழி இருந்தால் கணக்குத் தப்பும். உடனே மாங்கனீசு சல்பேட்டும் காரம் கலந்த பொட்டாசியம் அயோடைடும் விட்டுத் தலைகீழாக ஆட்டுங்கள். பழுப்பாக வண்டல் இறங்கினால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் இல்லை. எங்கள் ஊரில் சாக்கடை விழும் இடத்தில் பிடித்த புட்டி வெள்ளையாக நின்றது. பிள்ளைகள் ஒருவரும் பேசவில்லை. எவ்வளவு மில்லிகிராம் என்பதைப் பிறகு பள்ளி ஆய்வகத்தில் நான் கண்டுபிடித்துத் தருகிறேன்.

ரசாயனங்களை நான் கொண்டுவருகிறேன். காரம் கையைப் புண்ணாக்கிவிடும், மகளிடம் கொடுக்க வேண்டாம். அவள் நேரத்தையும் இடத்தையும் நோட்டில் எழுதட்டும். பார்த்திபனூர் மதகணையில் ஒரு புட்டி, எங்கள் பாலத்தடியில் ஒன்று, உங்கள் வரத்துக்காலில் ஒன்று, கலுங்கு தாண்டி ஆற்றங்கரை முகத்துவாரத்தில் ஒன்று. கடைசிப் புட்டிக்கு மண்டபத்து அக்கா வருவார்களா?

மண்டபம் பாசி எழுதியது:

வருகிறேன். முகத்துவாரத்தில் எந்த நேரம் நீர் வற்றும், எந்த நேரம் ஏறும் என்று எனக்குத் தெரியும். வற்றுகிற நேரத்தில் பிடித்தால்தான் ஆற்றுத் தண்ணீர், ஏறும்போது பிடித்தால் அது கடல்.